தொடரும் வரிசையும்

ஆலைகளில் அளவுக் கருவிகளைக் கணிப்பொறியுடன் இணைப்பதற்கு ஆர்.எஸ். 422, ஆர்.எஸ். 485 என்னும் இரு நெறிகள் வழங்குகின்றன. முன்னது 1975-லும் பின்னது 1983-லும் அமெரிக்காவில் வகுக்கப்பெற்றவை. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பண்டார் தெங்காராவில் பயிலும் தமிழ் மாணவன் நாளை ஓர் எண்ணெய் ஆலையிற் பணிபுரியப் புகுவானாயின், இக்கம்பிகளைக் காணக்கூடும். இவற்றைத் தமிழில் விளக்க நாம் கையாளும் சொற்கள் அவனுக்குத் துணையாகுமா, இடறலாகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இரு நெறிகட்கும் அடிப்படை ஒன்றே. ஒன்றோடொன்று முறுக்கிய இரு கம்பிகளில் எதிரெதிரான மின்னழுத்தம் செல்லும். கேட்கும் கருவி அவற்றின் வேறுபாட்டை மட்டுமே நோக்கும். அருகில் ஓடும் மோட்டார் எழுப்பும் மின்னிரைச்சல் இரு கம்பிகளையும் ஏறக்குறைய ஒத்த அளவில் தாக்குதலின், வேறுபாடு காணுங்கால் அது பெரும்பாலும் கழிந்துபோகும். ஆகவே 200 மில்லிவோல்ட்டு வேறுபாடு எஞ்சினும் செய்தி விளங்கும். குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை அனுப்பலாம்.

இனி, இரண்டிற்கும் உள்ள வேற்றுமை யாது? 422-இல் ஓரிணைக் கம்பியிற் பேசுவது ஒன்று. கேட்பன பத்து வரை. 485-இல், நெறி குறிக்கும் அளவுச் சுமையுடைய 32 கருவிகள் ஒரே இணையைப் பகிர்ந்து, முறைவைத்துப் பேசலாம். இரண்டு ஒருங்கே பேசின் செய்தி சிதையும்; ஆதலின் தலைமைக் கருவி வினவ, சுட்டப்பெற்ற கருவி மட்டும் விடையிறுக்கும் மோட்பஸ் போன்ற ஒழுங்கு வேண்டும். இரு கருவிகள் ஒரே வேளையிற் பேசவும் கேட்கவும் நான்கு கம்பி கொண்ட 422 எளிது. பல கருவிகள் விடையிறுக்கும் ஆலைக்கு 485-ஏ ஏற்றது.

இனிச் சொல்லுக்கு வருவோம். இம்முறையைத் ‘தொடர்த் தகவல் தொடர்பு’ என்று எழுதுவார் உளர். ஆங்கிலத்தில் ‘சீரீஸ்’ என்பது மின்சுற்றின் இணைப்பு. ‘சீரியல்’ என்பது செய்தித் துணுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லுதல். வேர் ஒன்றாயினும் வடிவு வேறு. நாமோ இரண்டையும் ‘தொடர்’ என்கிறோம். தொடரிணைப்பில் மின்னோட்டம் ஒரு கருவியினுள் புகுந்தே அடுத்ததற்குச் செல்லும் என மாணவன் பள்ளியிற் படித்திருக்கிறான். 485-இலோ ஒவ்வொரு கருவியும் இரு கம்பிகளிலும் பக்க இணைப்பாகவே பொருந்தும். கம்பி கருவிக்குக் கருவி வரிசையாகச் செல்வதால் கண்ணுக்கும் அது தொடரெனவே தோன்றும். சொல்லும் கண்ணும் சேர்ந்து மயக்கினால், அவன் கம்பியை வெட்டி இடையிற் கருவியைச் செருகுவான். செய்தி அங்கேயே நின்றுவிடும்.

‘வகையீட்டு முறை’ என்பதும் பொருந்தாது. வகையீடு நுண்கணிதத்திற்கு உரியது. இங்கு நிகழ்வதோ வெறுங் கழித்தல். ‘வேறுபாட்டு மின்னழுத்தம்’ என்றாலே பொருள் தானே விளங்கும்.

வழக்கூன்றிய சொல்லை மாற்றலாகாது என்பர் சிலர். மின்சுற்றிற்குத் ‘தொடர்’ நிலைக்கட்டும். செய்திக்கு ‘வரிசைமுறை’ என்று வழங்குவோம். கலைச்சொல் கேட்பதற்கு இனிதாயிருத்தல் மட்டும் போதாது. அதனை நம்பிக் கம்பி பூட்டுபவன் கை தவறாதிருத்தலும் வேண்டும். தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் கூடி இதனை ஆராய்தல் நன்று.