வந்து சேர்ந்த கடிதம்

ஈஸ்டர் தாக்குதல் வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று கொடுத்த தீர்ப்பை நாவல் படிக்கிற மாதிரி உட்கார்ந்து படித்தேன். அதில் கதாநாயகன் மனிதன் இல்லை, ஒரு தகவல்.

2019 ஏப்ரல் 4. தேவாலயங்களும் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகமும் தாக்கப்படலாம் என்று சஹ்ரான் ஹாஷிம் பெயரோடு அரச புலனாய்வுச் சேவைத் தலைவருக்கு இந்தியா எச்சரிக்கை அனுப்புகிறது. 7ஆம் தேதி அது தேசியப் புலனாய்வுத் தலைவரிடம், 9ஆம் தேதி பொலிஸ் மா அதிபரிடம், 11ஆம் தேதி அமைச்சர்கள், நீதிபதிகள், தூதர்களின் பாதுகாப்புப் பிரிவுகளிடம் போகிறது. 21ஆம் தேதி காலை மூன்று தேவாலயங்கள், மூன்று ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

பயங்கரவாதத்துக்கு எதிராக நாடுகள் ஒத்துழைக்கணும் என்று மாநாடு மாநாடாகப் பேசுகிறார்கள். இங்கே ஒத்துழைப்பு நடந்திருக்கிறது. கடல் தாண்டி வந்த செய்தி கொழும்புக்குள் மேசைக்கு மேசை நகர்ந்து நின்றுபோச்சு. பொலிஸ் மா அதிபரையே பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்குக் கூப்பிடாத காலம் அது. முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று சொல்லும்போதும் தீர்ப்பு குரலை உயர்த்துவதில்லை. அது எனக்குப் பிடித்தது.

நான் செம்மங்குப்பம் பக்கத்து ஆள். 2025 ஜூலை 8 அன்று எங்கள் ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதிய பிறகு 'பிரைவேட் நம்பர்' என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. கேட்டை மூடியாச்சு என்பதற்கு அடையாளமாக கேட்கீப்பர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்கிற எண் அது. நாங்கள் சாஃப்ட்வேரில் அக்னாலெட்ஜ்மென்ட் என்போம். செய்தி கிடைத்தது என்பதற்குத்தான் அது சாட்சி, வேலை முடிந்ததற்கு இல்லை. 9ஆம் தேதிக் கடிதத்தை அப்படித்தான் வாசிக்கிறேன்.

தேவாலயத்துக்குப் போகாதே என்று அப்பா எச்சரித்திருந்தார் என, எல்லாம் முடிந்த பிறகு அமைச்சர் ஹரின் பெர்னாண்டோ சொன்னார். தெரிந்திருந்தால் பூசைகளை ரத்து செய்திருப்பேன் என்றார் கர்தினால் மல்கம் ரஞ்சித்.

ஆனால் தீர்ப்பு எனக்குப் போதவில்லை. அடிப்படை உரிமை வழக்கு என்பதால் அதிகாரிகளின் கடமையைத்தான் அது முதலில் பார்க்கிறது. நான் காத்தான்குடியிலிருந்து தொடங்கியிருப்பேன். சஹ்ரானைப் பற்றி அங்குள்ள முஸ்லிம்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். 2017 மார்ச் மோதலுக்குப் பிறகு அவன் தலைமறைவானான். வெளிநாட்டு உளவுத்துறைத் தகவலுக்கே இந்த கதி என்றால் ஊர்க்காரர் மனுவை எவர் படித்திருப்பார்? 2019 மே மாதம் மினுவாங்கொடையில் எரிந்தவை முஸ்லிம் கடைகள்.