கயிறு பிடிப்போன்: உடற்கல்வி ஆசிரியப் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

ஆட்டனத்தி புனலாடலில் வல்லவன். கழார்த் துறையிலே விழாக் காணக் கூடினோர் நிற்க, காவிரி அவனைக் கவர்ந்து சென்றது. கணவனைத் தேடிக் கரைதோறும் அலைந்த ஆதிமந்தியின் அவலத்தைப் பரணர் அகநானூற்றிலே பாடினார்; சிலப்பதிகாரமும் அவள் கதையை எடுத்தாண்டது. புலவர் நெஞ்சம் ஆதிமந்தியின் கண்ணீரிற் சென்றது இயல்பே. ஆயின், உடற்கல்வி கற்பிக்க முனைவோர் அக்கதையிற் கேட்கவேண்டிய வினா வேறொன்றாகும். கரையில் நின்ற அத்துணைப் பேருள், நீரிலே நின்றவனை விடாது நோக்கிக்கொண்டிருந்தவர் யார்?

அவ்வினாவுக்கு மன்னார்க் கடல் ஒரு விடை வைத்திருந்தது. அரிப்பு, சிலாவத்துறைப் பக்கங்களில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தில் (1905ஆம் ஆண்டின் பெருங்குளிப்பு அவற்றுட் பேர்பெற்றது) குளிப்போன் கல்லின் பாரத்தால் ஆழத்திற்கு இறங்குவான். தோணியில் நிற்போன் கயிற்றைப் பற்றியிருப்பான். மூச்சடக்கி நிற்பது ஒரு நிமிடத்தை ஒட்டிய பொழுதே. கயிற்றின் அசைவைக் கையாலுணர்ந்து உரிய கணத்தில் இழுத்தெடுப்பது மேலே நின்றவன் கடன். தன் சகோதரியின் தாலிக்குக் காவலாதலின் மைத்துனனையே கயிறு பிடிக்க வைப்பர் எனத் தமிழ்க் கரைகளில் ஒரு பேச்சுண்டு. அது மெய்யோ கதையோ, அதன் உட்கருத்து நுட்பமானது. குளிப்போன் திறமை ஒன்று. கயிறு பிடிப்போன் திறமை மற்றொன்று. பின்னையதே பயிற்றுநருக்கு உரியது. ஆசிரிய மாணவர் எவ்வளவு ஓடினார், எவ்வளவு எழுதினார் என்பவற்றை அளந்து, பிறர் உடலை நோக்கும் கண் அவருக்கு வாய்த்ததா என்பதை அளவாது விடுதலே இன்றைய பயிற்சியின் பெருங்குறை.

இக்குறை எங்கே வெளிப்படும் என்பதை அறிய, மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்துள்ள விடத்தல்தீவை நோக்கலாம். பெயரிலே தீவெனினும் அது பெருநிலத்தைச் சேர்ந்த கடற்றொழில் ஊர். கண்டற் காடும் சேற்றுவெளியும் கடற்புல் படர்ந்த ஆழமற்ற நீரும் சூழ்ந்த அப்பகுதி 2016ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய ஊருக்குப் புதிதாகச் செல்லும் உடற்கல்வி ஆசிரியர் நீச்சல் என்ற சொல்லை எடுத்தவுடன், மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்குவதோ என்ற சிரிப்பே மறுமொழியாகக் கிடைக்கும்.

அச்சிரிப்பில் பாதி நியாயம் உண்டு, பாதி இல்லை. உவர்நீரின் அடர்த்தி நன்னீரினதைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்களவு கூடியது. கடலிலே எளிதாக மிதந்த பிள்ளை கட்டுக்கரைக் குளத்தில் இறங்கினால், கால்கள் தாழ்வதையும் வாய்மட்டம் நீர் ஏறுவதையும் கண்டு திகைப்பான். தலையை நிமிர்த்தி நீரை அறைந்து செல்லும் இயல்பான நீச்சல் வள்ளத்துக்கும் கரைக்கும் இடைப்பட்ட சிறு தொலைவுக்குப் போதும். வள்ளம் கவிழ்ந்து நெடுநேரம் நிற்கவேண்டி வந்தால் போதாது. மல்லாந்து மிதந்து மூச்சைக் காத்தல், தத்தளிப்போனிடம் நேரே செல்லாது கோலையோ கயிற்றையோ நீட்டுதல் என்பன பழக்கினாலன்றி வாரா. ஆண்பிள்ளைகள் தந்தையரோடு சென்று நீரைப் பழகுவர். அதே வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு அரிது. அவர்களுக்கேற்ற உடை, நேரம், மறைவான துறை, அவர்களோடு நீரில் இறங்கும் ஆசிரியை ஆகியவற்றைப் பற்றிப் பயிற்சிக் காலத்திலேயே சிந்தியாதவர் பின்னர்ச் சிந்திப்பார் என நம்புதற்கில்லை. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

மற்றொரு சமாதானமும் உண்டு. நீச்சற்குளம் இல்லாத இடத்தில் நீச்சல் ஆசிரியர் என் செய்வார் என்பர். வங்காளதேசத்துக் கிராமங்கள் இதற்கு விடை கூறிவிட்டன. அங்கே ஊர்க் குட்டைகளில் மூங்கிலால் தளமும் அடைப்பும் அமைத்து, உள்ளூராரையே பயிற்றுநராக்கிச் சிறுவர்க்கு நீச்சல் பழக்கினர். மூங்கில் செய்த வேலையைக் கண்டற் கரையில் மரக்கம்பும் வலைக்கயிறும் செய்யா என்பதற்குக் காரணமில்லை. வாடைக்காற்றுக் காலத்தைத் தவிர்த்தல், சேறு காலை இழுக்கும் இடத்தையும் ஓடையின் ஆழத்தையும் முன்னரே அளந்து அடையாளமிடல், இறங்கியோரையும் ஏறியோரையும் எண்ணல் ஆகிய இவை பணத்தாலன்றிப் பழக்கத்தால் வருவன.

தென்னாசியாவில் உடற்கல்வி ஆசிரியப் பயிற்சிக்கு முன்னோடியானது, 1920ஆம் ஆண்டில் ஹரி குறோ பக் என்பார் சென்னையில் நிறுவிய வை. எம். சீ. ஏ. கல்லூரி. ஈழத்து ஆசிரியர் பலரும் கடல் கடந்து அங்கே பயின்று வந்தனர். இலங்கையில் 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்வழி எழுந்த கல்வியியற் கல்லூரிகள், ஈராண்டு வதிவிடக் கல்வியின் பின் ஓராண்டுக் கட்டுறுபயிற்சி என வகுத்தமை போற்றத்தக்கது. அம்மூன்றாம் ஆண்டே கண்ணைப் பழக்கும் ஆண்டாகவேண்டும். நடைமுறையிலோ மைதானத்திற் சுண்ணாம்புக் கோடிடுவதும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பெயர்ப்பட்டியல் எழுதுவதுமாக அது கழிந்துவிடுதல் எளிது.

கண்ணைப் பழக்குதல் என்பது வெறும் சொல்லலங்காரமன்று. அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராயிருந்த ஜேம்ஸ் கவுன்சில்மன், நீருக்கடியிற் படம்பிடித்து நீச்சல் வீரரின் கையசைவை ஆராய்ந்தவர். கை நேராகப் பின்னிழுக்கிறது எனப் பலரும் எண்ணியிருக்க, படங்கள் வளைந்த பாதையைக் காட்டின. 1972இல் மியூனிக் நகரில் ஏழு தங்கப் பதக்கம் வென்ற மார்க் ஸ்பிற்ஸ் அவரிடம் பயின்றவர். தன் கை செய்வதைத் தான் அறியாதவனாகவே வல்லவனும் இருக்கக்கூடும். அதைக் கண்டு கூறுவதற்கே பயிற்றுநர் வேண்டும். விடத்தல்தீவில் அப்படக்கருவி இல்லை. ஆயினும் இடுப்பளவு நீரில் நின்று, பிள்ளை மூச்சை வெளிவிடுவது நீருள்ளா நீர்மேலா என நோக்குதற்குக் கருவி வேண்டியதில்லை.

மெய்வல்லுநர் துறையிலும் நிலை இதுவே. 1968இல் மெக்சிக்கோவில் டிக் பொஸ்பரி முதுகுப்புறமாகப் பாய்ந்து 2.24 மீற்றர் உயரத்தைக் கடந்தபின் அப்பாணியே உலகெங்கும் பரவிற்று. ஆனால் அது மென்மெத்தைக்கு உரிய பாணி. மெத்தையிற் கற்ற ஆசிரியர், மணற்குழி மட்டுமே உள்ள பாடசாலையில் அதையே பழக்குவாராயின் ஊறுபடுவது பிள்ளையின் கழுத்து. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்குத் தங்கம் ஈட்டியது, அப்பாணி மெக்சிக்கோவில் வெளிப்படுவதற்குப் பத்தாண்டு முன்னர். களத்துக்கேற்ற பாணியைத் தெரிதல் பாணியைக் கற்பதினும் அரிய கல்வி.

பாக்கு நீரிணையை 1954இல் நீந்திய தொண்டைமானாற்று நவரத்தினசாமியையும், 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்று மீண்டும் நீந்தித் திரும்பிய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனையும் தமிழுலகம் நன்றியோடு நினைக்கிறது. அவ்வாறு நினைக்கையில், நெடுநீச்சல் வீரரின் அருகே இரவும் பகலும் செல்லும் படகையும் அதிலிருந்து அவர்தம் கைவீச்சை எண்ணுவோரையும் மறந்துவிடுகிறது. அத்தகைய ஆனந்தனே 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று உயிர்நீத்தார் என்பதை, கடற்கரைப் பிள்ளைக்குப் பயிற்றுநர் எதற்கு என்போர் எண்ணிப் பார்க்கலாம்.

இறுதித் தேர்வும் மாறவேண்டும். நீச்சல் வகைகள் நான்கினையும் விவரிக்க என்னும் வினாவுக்கு, நீரைத் தொடாத ஒருவரும் முழுப்புள்ளி பெற இயலும். ஆசிரிய மாணவரைப் பத்துப் பிள்ளைகளோடு துறைக்கு அழைத்துச் சென்று, அரைமணி நேரம் கற்பிக்கச் செய்து, பின் நீருக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, எந்தப் பிள்ளை களைத்திருந்தது, எந்தப் பிள்ளை மூச்சை அடக்கியே நீந்தியது, இக்கணத்தில் நீரில் நிற்போர் எத்தனை பேர் எனத் தேர்வாளர் கேட்கட்டும்.