வரிசையில் நின்றவளும் கடை விரித்தவளும்

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம். அந்த மாதம் முடிவதற்குள் உலக உணவுத் திட்டம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் பெண்களுக்கு மட்டும் கூப்பன் கொடுத்து அரிசி வழங்கத் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு 25 கிலோ மூட்டை, இரண்டு வாரத்துக்கு. ஆண்கள் முண்டியடித்து வாங்கிப்போய்விடக் கூடாது என்று எடுத்த முடிவு அது. தலைச்சுமையோடு நடந்துவரும் அந்தப் பெண்களின் புகைப்படங்களை வகுப்பில் காட்டி, "உதவி நேராகப் பெண்ணின் கைக்கே போகிறது பாருங்கள்" என்று நானும் பேசியிருக்கிறேன். மாணவி ஒருத்தி கேட்டாள்: "அந்த ஊரில் அரிசி விற்றுக்கொண்டிருந்தவங்க யாரு மேடம்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

எத்தான் துபேன் இயக்கிய 'மதான் சரா' ஆவணப்படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. விற்றவர்களும் பெண்கள். மதான் சரா என்பது ஓயாமல் சத்தமிடும் ஒரு பறவையின் பெயர். தீனி எங்கிருந்தாலும் தேடிப்போய்விடும். கிராமத்து விளைச்சலை வாங்கி, லாரி ஏற்றி, நகரச் சந்தைக்குக் கொண்டுவரும் பெண்களையும் ஹெய்ட்டியில் அப்படித்தான் அழைக்கிறார்கள். இயக்குநரின் அம்மாவும் அவர்களில் ஒருவர். சந்தை தீப்பிடித்தால் இவர்களுடைய முதல் முழுவதும் சாம்பல், காப்பீடு கிடையாது.

கூப்பனோடு வரிசையில் நின்றவளும் சந்தையில் கடை விரித்தவளும் ஒரே ஊர்க்காரிகள், சில வீடுகளில் ஒரே பெண். உதவி அவளை வாங்குபவளாக மட்டுமே பார்த்தது. இடிபாடுகளின் முதல் வாரங்களில் மூட்டை தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மார்ச் மாதமே ஜனாதிபதி ரெனே பிரேவால் உணவு உதவியை நிறுத்தச் சொன்னார். அது உள்நாட்டு விளைச்சலோடும் வியாபாரத்தோடும் போட்டியிடும் என்றார். கையில் பணமாகவோ சந்தைக் கடையில் மாற்றிக்கொள்ளும் சீட்டாகவோ கொடுத்திருந்தால், ஒரே தொகையில் இரண்டு அடுப்புகள் எரிந்திருக்கும்.

இதைப் பேசும் இன்னொரு படம் 2014இல் வந்த 'பாவர்ட்டி, இங்க்.' சூரிய ஒளித் தெருவிளக்கு தயாரிக்கும் ஹெய்ட்டி நிறுவனம் ஒன்று, இலவச விளக்குகள் வந்து இறங்கியதும் தள்ளாடுவதை அது காட்டுகிறது. வலுவான காட்சி. ஆனால் தானத்தைக் கூண்டில் ஏற்றும் அவசரத்தில் அந்தப் படம் சந்தையைச் சற்று எளிதாக விட்டுவிடுகிறது. ஆர்த்திபொனீத் சமவெளியின் நெல்லைச் சாய்த்தது தானம் மட்டுமல்ல. 1995இல் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைக்க வைத்தார்கள். மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி, 'மியாமி அரிசி' என்ற பெயரில் உள்ளே வந்தது. அந்தக் கொள்கை தவறென்று பில் கிளிண்டனே 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். தன் ஆர்கன்சா மாநில விவசாயிகள் சிலருக்கு அது லாபமாக இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். வாங்கி விற்ற பெண்ணுக்கு அந்த மன்னிப்பிலும் இடமில்லை.

துபேனின் படத்திலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஹெய்ட்டியில் பெண்ணை 'போத்தோமிதான்', நடுத்தூண் என்பார்கள். நம் வீட்டிலும் கேட்ட பாராட்டுதானே. அம்மாவுக்கு மகன் செய்யும் மரியாதையில் அந்தத் தூண் அழகாகிவிடுகிறது, கூரையின் பாரம் கொஞ்சம் மறைந்துவிடுகிறது. இருந்தாலும் அவளை வியாபாரியாக, கணக்குத் தெரிந்தவளாக நிறுத்துவது இந்தப் படம்தான்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் தொடாத பழந்துணிகள் மலையாகக் கிடந்தன. நான் மடித்துக் கொடுத்த இரண்டு புடவைகளும் அதில் எங்கோ இருந்திருக்கும். கூடையும் தராசும் போன மீன்காரப் பெண்ணுக்கு அன்று என்ன வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.