குளச்சலுக்கு ‘முதல்’ பட்டம் வேண்டாம்

குளச்சல் பத்தி எந்தப் பயணக்குறிப்பைத் திறந்தாலும் ஒரு வரி வந்துடும்: ஐரோப்பியரை ஆசியர் முதன்முதலாகத் தோற்கடித்த இடம். 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை இங்கே டச்சுக்காரர்களை வென்றது உண்மை. ‘முதன்முதலாக’ என்பதுதான் தவறு. 1662-லேயே தைவானில் இருந்த டச்சுக் கோட்டையைக் கோக்சிங்கா என்ற சீனத் தளபதி பிடித்துவிட்டார்.

பட்டம் இல்லாமலே குளச்சலில் சொல்ல நிறைய இருக்கு. சண்டைக்கு வேர் மிளகு வியாபாரம். பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். 1777-ல் இறந்தவரின் கல்லறை தக்கலைக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். குளச்சலில் வெற்றித்தூண் முன்னால செல்ஃபி எடுத்துட்டுத் திரும்புறவங்களுக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய விடுபடல் கடற்கரை மக்கள். மீனவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்து நின்று டச்சுக்காரர்களை ஏமாற்றியதாக வாய்மொழிக் கதை உண்டு. அதை ஆவணமாக எடுக்க வேண்டாம். அந்த வெற்றியில் தங்களுக்கும் பங்குண்டு என்று ஒரு ஊர் சொல்வதாகவாவது கேட்கலாமே. பயணக்குறிப்புகளில் அவர்கள் படகுக்குப் பக்கத்தில் நிற்கும் படம் மட்டும்தான். ஆழ்கடல் முங்கலுக்கு அந்தமான் போகச் சொல்றாங்க. இங்கேயே சிலிண்டர் இல்லாமல், மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் சிப்பி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் போதும், அந்தக் குறிப்பு உருப்படும்.