இத்தாக்காவில் ஒருவர் குறைவு

'தி ட்ரிப் டு கிரீஸ்' படத்தை முதல்முறை ரூம்மேட்ஸ் மூணு பேரோட லேப்டாப்பில் பார்த்தேன். விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு அப்போது அது ஒரு மிமிக்ரி படம், அவ்வளவுதான்.

மைக்கேல் விண்டர்பாட்டம் எடுத்த இந்த வரிசையில் நாலு படங்கள். முதல் படம் (2010) வட இங்கிலாந்தில் நடக்கிறது. அப்புறம் இத்தாலி (2014), ஸ்பெயின் (2017), கிரீஸ் (2020) என்று கார் தெற்கே திரும்பிவிட்டது. ஸ்டீவ் கூகனும் ராப் பிரைடனும் தங்கள் சொந்தப் பெயரிலேயே, கொஞ்சம் புனைந்த தங்களாகவே வருகிறார்கள். கதைன்னு பெரிசா எதுவும் இல்லை. கார் ஓட்டுவார்கள், சாப்பிடுவார்கள், மைக்கேல் கெய்ன் குரலை யார் நன்றாக எடுப்பது என்று அடித்துக்கொள்வார்கள்.

இத்தாலிப் படத்தில் ஒரு காட்சி. பாம்பேயில், கண்ணாடிப் பெட்டிக்குள் எரிமலைச் சாம்பலில் மாண்ட ஒருவரின் வார்ப்பு. சாம்பலுக்குள் உடல்கள் மக்கிப்போய் வெற்றிடம் மட்டும் மிஞ்சியிருந்தது; 1863இல் ஃபியோரெல்லி அதில் பிளாஸ்டரை ஊற்றி எடுத்த உருவங்கள்தான் நாம் பார்ப்பவை. பிரைடன் அதற்கும் ஒரு குரல் கொடுக்கிறார். பெட்டிக்குள்ளிருந்து சன்னமாகப் பேசும் குரல். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் 'ஏன்டா இப்படிப் பண்ற' என்றுதான் தோன்றியது. சாவுக்கு முன்னால் சும்மா நிற்க அந்த ஆளால் முடியவில்லை.

போன வருஷம் என் நண்பனோட அப்பா இறந்துட்டார். ஊருக்குப் போக முடியல, போன் பண்ணினேன். என்ன சொல்றதுன்னு தெரியாம, எங்க ஹாஸ்டல் வார்டன் குரல்ல ஏதோ பேசினேன். அவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன். அவங்க அப்பாவைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் நாங்க ஒரு வார்த்தை பேசினதில்லை. அதுக்கப்புறம்தான் கிரீஸ் படத்தை இரண்டாவது முறை பார்த்தேன்.

டிராயிலிருந்து இத்தாக்கா வரை, ஒடிஸியஸ் பத்து வருஷம் அலைந்த வழியை ஆறு நாளில் முடிப்பதுதான் திட்டம். நடுநடுவே கூகனுக்கு மகனிடமிருந்து போன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. போனை வைத்துவிட்டு மேஜைக்கு வருவார், அடுத்த தட்டு வரும், அடுத்த குரல் வரும். இதை வெறும் தப்பித்தல் என்று தள்ள முடியவில்லை. அவர்களுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

ஆனால் இதே உத்தி லெஸ்போஸ் தீவில் படத்தைக் கவிழ்க்கிறது. முன்பு கூகனோடு ஒரு படத்தில் தலைகாட்டியவரைத் தற்செயலாகச் சந்தித்து, காரில் ஏற்றி அகதி முகாமில் இறக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் சங்கடம். பிறகு படம் வழக்கம்போல் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறது. இதை அங்கதம் என்று சொல்வார்கள். எனக்கு அது இயக்குநரின் நழுவலாகவே பட்டது. பெண்களை பெரும்பாலும் போனின் மறுமுனையிலேயே நிறுத்திவைப்பதும் அப்படித்தான்.

கடைசியில் அப்பா இறந்த செய்தி வருகிறது. கூகன் பயணத்தைப் பாதியில் விட்டுப் போகிறார். பிரைடனிடம் மனைவி வந்து சேர்கிறார்.

ஒடிஸியின் இருபத்துநாலாம் காண்டம் இந்தப் படத்துக்கு அடியில் ஓடுவதாக நினைக்கிறேன். வீடு திரும்பிய ஒடிஸியஸ், தோட்டத்தில் ஒட்டுப்போட்ட துணியோடு செடிக்கு மண் அணைக்கும் கிழவரைப் பார்க்கிறான். அப்பா. உடனே ஓடிக் கட்டிக்கொள்ளவில்லை. வேறு ஆளாக நடிக்கிறான். பொய்ப் பெயர், பொய் ஊர். ஒருவகையில் அதுவும் மிமிக்ரிதான். கிழவர் புழுதியை அள்ளித் தலையில் போட்டுக்கொண்ட பிறகுதான் இவன் உடைகிறான். தான் மகன்தான் என்று நிரூபிக்க, சின்ன வயதில் அப்பா தனக்கென்று கொடுத்த மரங்களை எண்ணிச் சொல்கிறான். பேரி 13, ஆப்பிள் 10, அத்தி 40, திராட்சை 50 வரிசை.

கூகனுக்கு இத்தாக்காவும் கிடைக்கவில்லை, அந்தத் தோட்டமும் கிடைக்கவில்லை.

நண்பனுக்குப் பட லிங்க்கை அனுப்பிவைத்தேன். 'மிமிக்ரி படமாடா?' என்று கேட்டிருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை.