அந்தரத்தில் நின்றுவிடும் பந்து

இருபது மீட்டர் உயர மாடியின் விளிம்பிலிருந்து ஒரு பந்தை, கிடைமட்டத்துக்கு மேலே 30 பாகை கோணத்தில், விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிகிறோம். கட்டடத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் அது தரையைத் தொடும்? பதினொன்றாம் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், 34.6 மீட்டர் என்ற விடை நிச்சயம் சில தாள்களில் வரும். கிடைத்தள நெடுக்கத்தின் சூத்திரத்தில் எண்களைப் போட்டால் கிடைப்பது அதுதான். பெருக்கலில் பிழை இருக்காது, சைன் மதிப்பிலும் இருக்காது. ஆனால் அந்த 34.6 மீட்டரில் பந்து மாடி உயரத்தில்தான் இருக்கிறது. இன்னும் 20 மீட்டர் இறங்கவேண்டிய பந்தை அந்தரத்திலேயே விட்டுவிட்டு மாணவர் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்.

இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் என்று மூன்று சூத்திரங்களைக் கட்டம் கட்டிக் கொடுப்பது நாம்தான். இவற்றில் நேரமும் நெடுக்கமும் ஒரே ஒரு சூழலுக்கு உரியவை: எறிந்த மட்டத்திலேயே பொருள் வந்து விழவேண்டும். வருவிக்கும்போது செங்குத்து இடப்பெயர்ச்சியைச் சுழி என்று வைக்கிறோமே, அந்த ஒற்றை வரிதான் இந்த நிபந்தனை. மனப்பாடம் செய்பவர்களுக்கு முதலில் மறந்துபோவதும் அதுதான்.

அதே கணக்கைக் கூறுகளாகப் பிரித்துப் போடுவோம். புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்வோம். தொடக்கத்தில் திசைவேகத்தின் செங்குத்துக் கூறு மேல்நோக்கி 10, கிடைத்தளக் கூறு 17.3. செங்குத்து இயக்கத்தை மட்டும் எடுத்து, பந்து தரைக்கு வரும் நேரத்தைக் கேட்டால் ஓர் இருபடிச் சமன்பாடு வருகிறது. அதன் தீர்வு 3.24 விநாடி. அந்த நேரம் முழுவதும் பந்து கிடைத்தளத்தில் மாறாத 17.3 வேகத்தில் போகிறது. ஆக 56 மீட்டர். இரண்டு இயக்கங்களுக்கும் பொதுவாக இருப்பது நேரம் ஒன்றே. இந்தப் பாடத்தின் உயிர்நாடி அதுதான், சூத்திரக் கட்டத்துக்குள் அது கண்ணில் படுவதே இல்லை.

அந்தச் சமன்பாட்டுக்கு இன்னொரு தீர்வும் உண்டு: கழித்தல் 1.24 விநாடி. நேரம் எதிர்மறையாக இருக்காது என்று அடித்துவிடுவது வழக்கம். அடிக்கும் முன் ஒரு நிமிடம் அதைப் பார்க்கலாம். மாடியை மறந்துவிட்டு, பந்து இதே பாதையில் தரையிலிருந்தே கிளம்பியிருந்தால் எப்போது கிளம்பியிருக்கவேண்டும் என்பதற்கான விடை அது. அப்போது அதன் செங்குத்து வேகம் மேல்நோக்கி 22.4, தரையில் விழும்போது கீழ்நோக்கி அதே 22.4. பரவளையத்தின் சமச்சீர் முழுவதும் அந்த அடிக்கப்பட்ட எண்ணுக்குள் இருக்கிறது.

சூத்திரத்தின் பக்கமும் நியாயம் உண்டு. 30 பாகையும் 60 பாகையும் சமதரையில் ஒரே நெடுக்கத்தைத் தரும் என்பதை அது ஒரு பார்வையில் காட்டிவிடுகிறது. 45 பாகைக்குச் சம அளவு மேலும் கீழும் உள்ள கோணங்களின் நெடுக்கம் சமம் என்று கலிலியோ 1638-இல் வெளியான நூலில் நிறுவியதும் இதைத்தான். நீட் போன்ற தேர்வில் ஒரு வினாவுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம் என்பதும் உண்மை. ஆனால் வினாவில் ஒரு கோபுரமோ சுவரோ சாய்தளமோ நுழைந்தவுடன் அந்த வேகம் தவறான விடையை நோக்கிய வேகமாகிவிடுகிறது. 45 பாகையில்தான் தூரம் அதிகம் என்று ஒப்பிக்கிறோம்; அதே மாடியிலிருந்து 45 பாகையில் எறிந்தால் பந்து 54.6 மீட்டர்தான் போகும். 30 பாகை அதை வென்றுவிடுகிறது.

இத்தகைய கணக்குகளில் காற்றுத் தடையைப் புறக்கணிப்பது பொய்க் கணக்கு என்று சிலர் குறைசொல்வார்கள். அது எனக்கு ஏற்புடையதல்ல. குண்டு எறிதலில் 7.26 கிலோ குண்டு விநாடிக்கு 14 மீட்டரில் பறக்கும்போது காற்றின் தடை அதன் எடையில் நூற்றில் ஒரு பங்கைத் தொடுவதில்லை. மணிக்கு 140 கிலோமீட்டரில் போகும் கிரிக்கெட் பந்துக்கோ அந்தத் தடை எடைக்கு ஏறத்தாழ நிகராகிவிடுகிறது. குண்டுக்குப் பொருந்தும் கணக்கைப் பந்துக்கும் அப்படியே கொடுப்பதுதான் தவறு. தடை நுழைந்தால் மேல்வேகம் மாறும்போது பக்கவாட்டு வேகமும் பாதிக்கப்படும். இரண்டு கூறுகளும் தனித்தனி என்ற வசதியே போய்விடும். ‘காற்றுத் தடையைப் புறக்கணிக்க’ என்ற குறிப்பு நமக்குத் தரும் வசதி அதுதான் என்று எத்தனை வகுப்புகளில் சொல்கிறோம்?

சூத்திரங்களை ஒழிக்கவேண்டும் என்பதல்ல என் தீர்ப்பு; அவற்றிலிருந்து தொடங்கக்கூடாது என்பதே. கூறுகளும் பொதுவான நேரமும் முதலில் கைக்கு வரட்டும். சூத்திரம் பிறகு விடையைச் சரிபார்க்க வரட்டும். பாடத்தின் முதல் எடுத்துக்காட்டாக இந்த மாடிக் கணக்கையே வைக்கலாம். மாணவர் அதைப் போட்டு முடித்ததும் மாடியின் உயரத்தைச் சுழியாக்கிப் பார்க்கச் சொன்னால் போதும். 3.24 விநாடி 2 விநாடியாகும். 56 மீட்டர் 34.6 ஆகும், பந்து தரையில் இருக்கும்.