குறிஞ்சிப்பாட்டின் பூக்களும் குளக்கரையின் முட்களும்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. அருவியாடிய தலைவியும் தோழியும் பறித்துப் பாறைமேல் குவித்த 99 பூக்களின் பெயர்கள் அதில் அடுக்கி வருகின்றன. 'இது கவிதையா, வெறும் பட்டியலா?' என வினவுவோர் உளர். பத்துப்பாட்டை 1889-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏடுகளில் விடுபட்டிருந்த சில பூக்களின் பெயர்களைத் தேடி அலைந்து, தருமபுரம் ஆதீனச் சுவடியில் கண்டெடுத்தார். ஒரு பூவின் பெயர் குறைந்தாலும் பாட்டு குறைபடும் என்பதை அவ்வுழைப்பே உணர்த்துகிறது.

இன்று பெயர்கள் நூலில் நிற்கின்றன. பூக்களோ கண்ணில் படுவதில்லை. 'ஒருவகை மரம்', 'ஒருவகைப் பூ' என்பதோடு உரைக்குறிப்புகள் பல முடிந்துவிடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து வாசுதேவநல்லூரில் வாழும் நாம், கபிலரின் திணைக்கு அண்டை வீட்டார் அல்லவா? ஆயினும் நம் பிள்ளைகள் எளிதில் இனங்காணும் செடிகள் சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியுமே. இரண்டும் அமெரிக்க மண்ணிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இங்கு கொணரப்பட்டவை. முன்னது விறகுக்காக, பின்னது அழகுக்காக.

சீமைக் கருவேலத்தை அகற்ற உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் ஆணையிட்டது. அயல் தாவரங்களை அகற்றி இயல்நிலத்தை மீட்கும் கொள்கையைத் தமிழக அரசு 2022-இல் வெளியிட்டது. ஆனால் வெட்டுவது மட்டும் தீர்வாகாது. வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்க்கும்; ஆடுமாடுகள் தின்ற நெற்றின் விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். பெருக்கி ஒழுங்குபடுத்திய வெற்று வீட்டுக்குத் தீய ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததாக நற்செய்தியில் வாசிக்கிறோமே, அந்த நிலைதான். வேரோடு களைந்த இடத்தில் வேறொன்று வேரூன்றியாக வேண்டும். அம்மரத்தின் விறகையும் கரியையும் நம்பிப் பிழைக்கும் ஏழையரையும் மறத்தல் ஆகாது.

அப்படியாயின் கபிலரின் பட்டியலையே தோட்டத்திற்கு வழிகாட்டியாகக் கொள்ளலாமா? இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மலைச்சாரலில் பறித்தவை எனப்படும் அப்பூக்களிடையே நெய்தலும் தாழையும் கடற்கரை மணலில் படரும் அடும்பும் உள்ளன. கவிஞர் ஐந்திணையையும் ஒரு பாறையில் குவித்துவிட்டார். கவிதைக்கு அது பெருமை. நடுவோருக்கு அது பொருந்தாது. நம் செம்மண்ணுக்கும் சிறுமழைக்கும் ஏற்ற கொன்றை, வாகை, ஆத்தி, நொச்சி, தும்பை ஆகியவற்றை அப்பட்டியலிலிருந்தே தேர்ந்துகொள்ளலாம்; குளக்கரைக்கு நம் நாட்டுக் கருவேலம் இருக்கிறது. மழைக்கு முன் குழி எடுத்து, முதற்கோடையில் நீர் வார்த்தால் போதும்.

ஒரு பாட்டை வாழவைக்க அச்சகம் மட்டும் போதாது. கொன்றையை அறியாதவன் அச்சொல்லைப் படிக்கலாம். அதன் பொன்னிறத்தைப் படிக்க இயலாது. நம் ஆலய வளாகத்தில் ஒரு கொன்றை பூத்தால், குறிஞ்சிப்பாட்டிற்கு நாம் எழுதும் நல்லுரை அதுவே.